புதிய ஃபியூஸ் போட்டும் இரண்டே நாளில் மைக்ரோவேவ் மீண்டும் அணைந்துவிட்டது

கேள்வி

வணக்கம். எங்கள் வீட்டில் ஆறு ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருந்த 20 லிட்டர் சோலோ வகை மைக்ரோவேவ், சென்ற வாரம் பால் சூடாக்கும்போது ‘டப்’ என்ற ஓசையுடன் அணைந்துவிட்டது. உள்விளக்கு எரியவில்லை, திரையில் எண்கள் இல்லை, எந்தப் பொத்தானுக்கும் அசைவில்லை. அதே பிளக் பாயின்ட்டில் இஸ்திரிப் பெட்டியைச் செருகினால் நன்றாகச் சூடேறுகிறது. ஆகவே குறை பெட்டிக்குள்தான் இருக்க வேண்டும். அருகிலுள்ள மெக்கானிக் ஒருவர் வந்து, உள்ளே ஃபியூஸ் போயிருக்கிறது என்று சொல்லிப் புதியது போட்டுக் கொடுத்தார். இரண்டு நாள் ஓடியது. மூன்றாம் நாள் காலையில் அதே ஓசை, அதே நிலை. மறுபடி அழைத்தபோது, ஃபியூஸுக்குப் பதிலாகக் கம்பியைச் சுற்றிவிட்டால் இனித் தொல்லை இருக்காது என்கிறார்.

என் அம்மாவுக்கு 74 வயது. விரல் மூட்டுகளில் வாதம் இருப்பதால், அடுப்பிலிருந்து சூடான பாத்திரத்தை இறக்க அவரால் முடியாது. காலைக் கஞ்சிக்கும் இரவுப் பாலுக்கும் இந்தப் பெட்டியையே நம்பியிருக்கிறார். மிக்சி, மின்விசிறி ஆகியவற்றை நானே பழுது பார்த்த பழக்கம் உண்டு, மல்டிமீட்டரும் வைத்திருக்கிறேன். கம்பி சுற்றுவது சரியா, அல்லது நானே திறந்து பார்க்கலாமா என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதில் 1

பெட்டியை அலமாரிக்குள் நெருக்கி வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். காற்றோட்டம் இல்லாமல் உள்ளே சூடு மிகுந்தால், அதிலுள்ள வெப்பத் தடுப்பு சுவிட்ச் மின்சாரத்தைத் துண்டித்துவிடும். எங்கள் வீட்டில் அப்படித்தான் நடந்தது. ஆனால் எங்களுடையது ஒரு மணி நேரம் ஆறியதும் தானாகவே ஓடத் தொடங்கியது. உங்களுடையது ஆறிய பிறகும் அசையவில்லை என்றால், காரணம் வேறாக இருக்கலாம்.

பதில் 2

நான் இருபது ஆண்டுகளாக இந்தப் பெட்டிகளைப் பழுது பார்த்து வருகிறேன். முதலில் ஒன்றை உறுதியாகச் சொல்லிவிடுகிறேன்: கம்பி சுற்ற எக்காரணம் கொண்டும் சம்மதிக்காதீர்கள்.

இந்தப் பெட்டியில் ஃபியூஸ் எப்போது போகிறது என்பதைக் கவனித்தாலே பாதி விடை கிடைத்துவிடும். ஸ்டார்ட் பொத்தானை அழுத்திய உடனே கனத்த உறுமல் கேட்டு ஃபியூஸ் போனால், கெபாசிட்டர், டயோடு, டிரான்ஸ்பார்மர் உள்ள உயர் மின்னழுத்தப் பகுதியைச் சந்தேகிக்க வேண்டும். கதவைத் திறக்கும் கணத்தில் போனால், பெரும்பாலும் கதவுக் கொக்கியின் பின்னால் இருக்கும் மைக்ரோ சுவிட்ச்கள்தான் காரணம். பல மாடல்களில் அவை மூன்று இருக்கும். கதவு திறந்ததும் இரண்டு சுவிட்ச்கள் மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். மூன்றாவது, அவற்றைக் கண்காணிக்கும் சுவிட்ச். முதல் சுவிட்சின் தொடுமுனைகள் கருகி ஒட்டிக்கொண்டு, கதவு திறந்த பிறகும் மின்சாரம் போய்க்கொண்டிருந்தால், இந்த மூன்றாவது சுவிட்ச் வேண்டுமென்றே ஷார்ட் உண்டாக்கி ஃபியூஸை எரித்துவிடும். திறந்த கதவின் வழியாக நுண்ணலைகள் வெளியே வந்து மனிதர் உடலைச் சுட்டுவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. ஃபியூஸ் இருக்கும் இடத்தில் கம்பியைச் சுற்றினால் அந்தக் காவலையே எடுத்துவிட்டதாகும். அந்தக் கதவை உங்கள் தாயார் முன்னால் நின்று திறப்பார் என்பதை எண்ணிப் பாருங்கள்.

நீங்கள் திறந்து பார்ப்பதும் வேண்டாம். மிக்சியில் இருப்பது 230 வோல்ட்; இதில் நுண்ணலைகளை உண்டாக்கும் பாகமான மேக்னட்ரானுக்குச் செல்வது ஏறத்தாழ 4000 வோல்ட். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டரில் மின்னேற்றம் தங்கியிருக்கும். அதை மெல்லக் கசியவிட உள்ளே ஒரு ரெசிஸ்டர் இருந்தாலும், அது பழுதாகியிருக்கிறதா என்பது வெளியிலிருந்து தெரியாது. கெபாசிட்டரை முறையாக டிஸ்சார்ஜ் செய்யாமல் நாங்களே உள்ளே கை வைப்பதில்லை.

இப்போது எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். அந்த ஓசை சரியாக எப்போது கேட்டது? ஓடிக்கொண்டிருக்கும்போதே கதவைத் திறக்கும் பழக்கம் வீட்டில் யாருக்கேனும் உண்டா?

கேட்டவர்

அம்மாவிடம் கேட்டேன். இரண்டு முறையும் பால் பொங்கி வருவதைக் கண்டு கதவைத் திறந்தபோதுதான் ஓசை வந்ததாம். ஸ்டாப் பொத்தான் அழுத்தமாக இருப்பதால் விரல் வலிக்கிறது என்று, பல மாதங்களாகவே கதவை இழுத்துத்தான் நிறுத்தி வந்திருக்கிறார். இது எனக்கு இதுவரை தெரியாது. ஆனால் சுவிட்ச் ஒட்டிக்கொண்டிருந்தால், புதிய ஃபியூஸ் இரண்டு நாள் எப்படித் தாங்கியது?

பதில் 2

ஓடும்போதே திறந்தால் ஒவ்வொரு முறையும் தொடுமுனையில் சிறு பொறி தெறிக்கக்கூடும். நாளடைவில் முனை கருகிக் கரடுமுரடாகிவிடும். அந்த நிலையில் சில நேரம் ஒட்டும், சில நேரம் விட்டுவிடும். அதனால்தான் இரண்டு நாள் தாங்கியது. அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரிலிருந்து ஆளை அழைத்து, ஃபியூஸுடன் முதல் சுவிட்சையும் கண்காணிப்பு சுவிட்சையும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள். கண்காணிப்பு சுவிட்ச் இரண்டு முறை ஷார்ட் மின்சாரத்தைத் தாங்கியிருக்கிறது. அடுத்த முறையும் தன் வேலையைச் செய்யும் என்று நம்பி விடக் கூடாது. கதவுக் கொக்கி தேய்ந்திருக்கிறதா, கீல் தளர்ந்து கதவு சாய்ந்திருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். சாய்ந்த கதவு சுவிட்ச்களை வரிசை தவறி அழுத்தினாலும் ஃபியூஸ் இப்படியே போகும்.

சரியான பிறகு, ஒரு லிட்டர் தண்ணீரை முழு சக்தியில் இரண்டு நிமிடம் சூடாக்கி, எத்தனை டிகிரி செல்சியஸ் உயர்ந்தது என்று அளந்து 35ஆல் பெருக்குங்கள். ஏறத்தாழ அத்தனை வாட் சக்தி தண்ணீருக்குள் சென்றிருக்கிறது என்று பொருள்.

கேட்டவர்

நேற்று சர்வீஸ் சென்டரிலிருந்து வந்து சரிசெய்தார்கள். கழற்றிய முதல் சுவிட்சைக் காட்டினார்கள். கட்டைவிரல் நுனியளவே உள்ள அந்தக் கறுப்புப் பெட்டியின் ஒரு பக்கம் உருகிப் பழுப்பேறியிருந்தது. பொத்தானை விரலால் அழுத்திவிட்டால் எழும்பி வரவே இல்லை. இரண்டு சுவிட்ச்களும் ஃபியூஸும் மாற்றப்பட்டன. தண்ணீரின் வெப்பநிலை 28 டிகிரியிலிருந்து 50 டிகிரிக்கு உயர்ந்தது. கணக்குப்படி 770 வாட், பெட்டியில் அச்சிட்டிருப்பது 800. பால் பொங்கும் முன்பே தானாக நின்றுவிடும்படி, ஒரு தம்ளருக்கு ஒரு நிமிடம் பத்து நொடி என்று அளந்து பார்த்து, அந்த நேரத்தை அம்மாவின் கண்ணில் படும்படி கதவருகே எழுதி ஒட்டியிருக்கிறேன். மிக்க நன்றி ஐயா.