முதல் மான் சீசன், .308 துப்பாக்கிக்கு ஸ்கோப்: லூபோல்டா, வோர்டெக்ஸா?

சான் அன்டோனியோ சேகர் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். டெக்சாஸ் வந்து பத்து வருடமாகிறது, இந்த வருடம்தான் வேட்டைப் பக்கம் எட்டிப் பார்க்கிறேன். ஹன்டர் எஜுகேஷன் வகுப்பை முடித்துவிட்டேன். ரூகர் அமெரிக்கன் .308 துப்பாக்கி வாங்கியாயிற்று, ஸ்கோப் மாட்டும் ரயில் (உலோகப் பட்டை) கூடவே வந்தது. ஆபீஸ் நண்பருக்கு ஜங்ஷன் என்கிற ஊர்ப் பக்கம் ஒரு ராஞ்ச் லீஸ் (வேட்டைக்குக் குத்தகை எடுத்த பண்ணை நிலம்) இருக்கிறது. நவம்பர் நடுவில் வரச் சொல்லியிருக்கிறார். வெள்ளைவால் மான் வந்தால் அது, இல்லையென்றால் புள்ளிமான். கிண்டியில் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று வேர்க்கடலை தின்றுகொண்டே பார்த்த அதே புள்ளிமான்தான் என்று அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

பிடித்து நிறுத்தும் ரிங் எல்லாம் சேர்த்து 400 டாலருக்குள் ஸ்கோப் (துப்பாக்கித் தொலைநோக்கி) வேண்டும். கடைசியில் மூன்றில் வந்து நிற்கிறேன். வோர்டெக்ஸ் டயமண்ட்பேக் 3-9×40 (3 முதல் 9 மடங்கு பெருக்கம், 40 மிமீ முகப்பு), லூபோல்ட் விஎக்ஸ்-ஃப்ரீடம் 3-9×40, அப்புறம் நண்பர் சல்லிசாகத் தருகிறேன் என்கிற பழைய நிக்கான் புரோஸ்டாஃப். கடையில் முதல் இரண்டையும் கையில் வாங்கி எதிர்ச் சுவரில் இருந்த விலைப் பட்டியலைப் படித்துப் பார்த்தேன். எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. கடைப் பையனோ 4-16 எடுங்கள், 9 போதாது என்று பிடிவாதமாக இருக்கிறான். வயது 43, கண்ணாடி போடுகிறவன். எதை எடுக்கலாம்?

---

விஸ்கான்சின் வேலு:

நான் இருப்பது வோர்டெக்ஸின் சொந்த மாநிலம், அதனால் என் பேச்சில் கொஞ்சம் பாசம் இருக்கும். டயமண்ட்பேக்கை எடுங்கள். இரண்டு வருடம் முன்பு மரத்து ஸ்டாண்டிலிருந்து என் துப்பாக்கி கீழே போய் ஸ்கோப்பின் பின்பக்கக் கண்ணாடி நொறுங்கிவிட்டது. முழுக்க என் தப்பு. ரசீதும் கையில் இல்லை. அனுப்பி வைத்தேன், மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். செகண்ட் ஹேண்டில் வாங்கியிருந்தாலும் அந்த வாரண்டி செல்லும்.

எங்கள் ஊரில் சீசன் தேங்க்ஸ்கிவிங்குக்கு முந்தின சனிக்கிழமை தொடங்கி ஒன்பது நாள். பனியில் நிற்கிறவனுக்குப் பெரிய எதிரி சொந்த மூச்சுதான்! ஸ்கோப்பைக் கண்ணருகே வைத்துக்கொண்டு மூச்சு விட்டால் கண்ணாடி பூத்துவிடும். குளிரில் கிடந்த ஸ்கோப்பை நேராகச் சூடான அறைக்குள் கொண்டுபோகாதீர்கள், அப்போதும் பூத்துவிடும். உங்கள் ஊரில் அந்தக் கவலை குறைவு.

---

கம்பத்துக்காரர்:

சேகர் தம்பி, டியூப்லைட் வெளிச்சத்தில் 80 டாலர் ஸ்கோப்பும் மணி மணியாகத்தான் தெரியும். மான் வருகிற நேரம் வேறு. நவம்பர் நடுவில் ஜங்ஷன் பக்கம் சூரியன் 5:40 வாக்கில் இறங்கும். அதற்குமேல் அரை மணி நேரம்தான் சட்டம் தருகிறது. இருபது வருடத்தில் நான் பார்த்த நல்ல கொம்பன்களில் பாதிக்குமேல் அந்த அரை மணியில் சீடர் மரப் புதரை விட்டு வெளியே வந்தவைதான். ஸ்கோப்பை அந்த நேரத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

போன வருடம் பார்த்தோம். என் டயமண்ட்பேக், மச்சானுடைய ஃப்ரீடம், பக்கத்து லீஸ்காரரிடம் கடன் வாங்கிய ஒரு 4-16×44. அது எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை. துப்பாக்கியில் மாட்டாமல் மூன்றையும் அரிசிப் பைமேல் வரிசையாக வைத்தோம். 90 யார்டு தள்ளி ஒரு லைவ் ஓக் மரத்தடியில் பழுப்புக் காகிதப் பையைக் கட்டி அதில் மார்க்கரால் அ, ஆ, இ என்று எழுதினேன். பக்கத்தில் காய்ந்த கிளை ஒன்றைக் கொம்பு மாதிரி சாய்த்து வைத்தோம். மச்சான் கையில் கடிகாரம், என் கையில் டீ.

5:50-க்கெல்லாம் வெறும் கண்ணுக்குக் கிளை போய்விட்டது. 4-16-ஐ 16-ல் வைத்தால் உள்ளே கழுவின கரும்பலகை மாதிரி ஒரே சாம்பல். அதையே 7-க்கு இறக்கினேன், கிளை திரும்பி வந்தது. மற்ற இரண்டும் 6-ல் இருந்தன. எழுத்து இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றாகவே மங்கியது. கிளை ஃப்ரீடத்தில் கொஞ்ச நேரம் கூடுதலாகத் தெரிந்தது, மச்சானும் அதையேதான் சொன்னான். எத்தனை நிமிடம் என்கிறாய்? மூன்றுகூட இருக்காது. அதுவும் 6:10 தாண்டின பிறகு, அப்போது சுட்டால் சட்ட விரோதம். அந்த மூன்று நிமிடத்துக்காகத்தான் இணையத்தில் இத்தனை சண்டை. பெருக்க வளையத்தைத் திருப்பியதில் வந்த வித்தியாசம் அதைவிடப் பல மடங்கு.

ஆகவே 4-16 உனக்கு வேண்டாம். மான் தீனி கொட்டும் ஃபீடர், நீ மறைந்து உட்காரும் பிளைண்டிலிருந்து 80, 100 யார்டுதான் இருக்கும். பெரிய பெருக்கத்தில் மான் வயிற்றின் ரோமம் தெரியும், மான் எது என்று தெரியாது.

இப்போது உன் இரண்டுக்கும் வருவோம். உண்மையான வித்தியாசம் தெளிவில் இல்லை. 3-ல் வைத்தால் டயமண்ட்பேக் 100 யார்டில் 44 அடி அகலம் காட்டும், ஃப்ரீடம் 33 அடிதான். ஓடிவரும் பன்றிக்கு வோர்டெக்ஸ் கை கொடுக்கும். ஆனால் அந்த அகலத்துக்கு ஒரு விலை இருக்கிறது, அதில் கண்ணைக் கிட்டே கொண்டுபோக வேண்டும், மூன்றேகால் மூன்றரை அங்குலம். ஃப்ரீடத்தில் 3-ல் நாலு அங்குலத்துக்கு மேல், 9-லும் மூன்றரைக்குக் குறையாது. எடையும் ஒரு 2 அவுன்ஸ் குறைவு. .308 உதைக்கிற உதையில், கண்ணாடி போட்டவனுக்கு அந்த அரை அங்குலம் பெரிய விஷயம். என்னிடம் இருப்பது டயமண்ட்பேக்தான், இருந்தாலும் உனக்கு ஃப்ரீடம் என்றுதான் சொல்வேன். விலை 300-ஐ ஒட்டி வரும். வோர்டெக்ஸ் 200 பக்கம். மிச்சம் 100 டாலர்தானே என்று 200-ஐ எடுத்து மீதிக்குத் தோட்டா வாங்கினாலும் நான் குறை சொல்ல மாட்டேன். வாரண்டிக்காக மண்டையை உடைத்துக்கொள்ளாதே, லூபோல்டும் ஆயுள் முழுக்கத் தருகிறது.

நிக்கான் நல்ல கண்ணாடிதான். ஆனால் 2019 கடைசியில் அவர்கள் துப்பாக்கி ஸ்கோப் தொழிலையே விட்டுவிட்டார்கள். நண்பர் சும்மா தந்தால் .22-க்கு மாட்டு.

30 மிமீ குழாய் வாங்கினால் வெளிச்சம் கூடும் என்று யாராவது வருவார்கள், கூடாது. அதில் கூடுவது திருகித் திருத்துகிற எல்லை.

இதையெல்லாம்விட மாட்டுவதைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். என் இரண்டாவது சீசன். 120 யார்டில் ஒரு புள்ளிமான் கிடா, பக்கவாட்டில் சிலை மாதிரி நின்றது. சுட்டேன். தலையைத் தூக்கி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவசரமில்லாமல் நடந்து போனது. ஸ்கோப்பைத் திட்டிக்கொண்டே மறுநாள் ரேஞ்சுக்குப் போய்க் காகிதத்தில் சுட்டால் ஏழு அங்குலம் வலது பக்கம் அடிக்கிறது. முன் ரிங்கைத் தொட்டேன், விரலால் திருகு சுற்றுகிறது! எல்-கீயை வைத்து கைப்பழக்கத்தில் முடுக்கினது நான்தான். அந்த வாரமே டார்க் டிரைவர் (முடுக்கும் விசையை அளந்து காட்டும் திருப்புளி) வாங்கினேன். ரிங் மூடித் திருகுக்கு 15 முதல் 18 அங்குல-பவுண்டு வரை வைக்கிறேன். ரயில் திருகுக்கு அளவு வேறு, பெட்டியில் வரும் தாளைப் பார். ஒரு பக்கத்தை முழுக்க முடுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகாதே, நாலையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக.

இன்னொன்று. புதருக்குள் ஏதோ அசைகிறது என்று ஸ்கோப்பைத் தூக்கிப் பார்க்காதே. அங்கே இருப்பது மனிதனாக இருந்தால் நீ அவன்மீது துப்பாக்கி நீட்டியிருக்கிறாய். தேடுவதற்குப் பைனாகுலர்.

---

கண்ணாடி அக்கா:

வேட்டையைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, வீட்டுக்காரர் போவார். நான் ஆப்டோமெட்ரிஸ்ட், அதனால் கண் பக்கத்தை மட்டும் சொல்கிறேன். முகப்புக் கண்ணாடியின் மிமீ அளவைப் பெருக்கத்தால் வகுத்தால் கண்ணுக்குள் வரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 40-ஐ 6-ஆல் வகுத்தால் 6.7 மிமீ. 44-ஐ 16-ஆல் வகுத்தால் 2.75. கம்பத்து அண்ணன் பார்த்த சாம்பல் நிறம் அதுதான். இருபது வயதில் இருட்டில் கண் பாப்பா 7 மிமீ வரை விரியும், வயது ஏற ஏறச் சுருங்கும். உங்கள் வயதில் 6-க்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். 50 மிமீ முகப்பு வாங்கி 6-ல் வைத்தால் மிச்ச ஒளி கருவிழியில் பட்டு வீணாகப் போகும்.

மூக்குக் கண்ணாடி கண்ணிலிருந்து 12, 14 மிமீ தள்ளி உட்கார்ந்திருக்கிறது. அண்ணன் சொன்ன அரை அங்குலத்தை அதுவே தின்றுவிடும். அப்புறம் ஸ்டாக்கில் கன்னத்தைச் சாய்த்தால் லென்ஸின் மேல் மூலை வழியாகத்தான் பார்ப்பீர்கள். புரோகிரஸிவ் (தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒரே லென்ஸ்) போடுகிறவர் என்றால் கடையிலேயே அப்படிச் சாய்ந்து பாருங்கள். பாலிகார்பனேட் லென்ஸ்தானா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஸ்கோப்பின் பின்பக்க ஃபோகஸ் வளையத்தை மூக்குக் கண்ணாடியோடுதான் சரி செய்ய வேண்டும். வெறும் வானத்தை (சூரியன் இல்லாத பக்கம்) ஒரு நொடி பார்க்கும்போதே குறுக்குக் கோடு கூர்மையாகத் தெரிய வேண்டும். உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தால் கண் தானே சரிக்கட்டிக்கொண்டு உங்களை ஏமாற்றும்.

---

சான் அன்டோனியோ சேகர்:

ரொம்ப நன்றி அண்ணா, அக்கா, வேலு. ஃப்ரீடம் வாங்கிவிட்டேன். கடை மூடுகிற நேரமாகப் போய், வாசலுக்கு எடுத்து வந்து பார்க்கிறேன் என்று கேட்டேன். மேனேஜர் கூடவே வந்து நின்றார். புரோகிரஸிவ்தான் போட்டிருக்கிறேன், அக்கா சொன்ன மாதிரி மூலையில் கலங்குகிறது. தூரத்துக்கு மட்டும் ஒரு கண்ணாடி ஆர்டர் கொடுத்திருக்கிறேன்.

இரண்டு சந்தேகம். 25 யார்டு ரேஞ்ச்தான் பக்கத்தில் இருக்கிறது, ஜீரோவை (குறி வைத்த இடத்தில் குண்டு படும்படி ஸ்கோப்பைத் திருத்துவதை) அங்கே தொடங்கலாமா? அப்புறம், ஊரில் ஏர்கன் வைத்திருக்கும் சித்தப்பா, வரும்போது எனக்கும் ஒரு ஸ்கோப் என்கிறார்.

---

கம்பத்துக்காரர்:

தொடங்கலாம், முடிக்கக் கூடாது. திருத்தும் குமிழின் ஒரு கிளிக் 100 யார்டில் கால் அங்குலம், 25-ல் அதில் நாலில் ஒரு பங்கு. ஒரு அங்குலம் நகர்த்த 16 கிளிக் ஆகும், பயந்துவிடாதே. காகிதத்தில் நடுவுக்கு வந்ததும் 100-க்குப் போ. அங்கே ஒன்றரை அங்குலம் மேலே படும்படி வைத்துவிட்டால் 150 கிரெய்ன் எடைத் தோட்டாவுக்கு 200 யார்டு வரை நெஞ்சைக் குறிவைத்தாலே போதும். டரட்டை, அதாவது அந்தக் குமிழை, திருகவே வேண்டியிராது. எந்தத் தோட்டாவில் ஜீரோ வைத்தாயோ அதே பெட்டியோடு ராஞ்சுக்குப் போ.

சித்தப்பா விஷயத்தில் ஜாக்கிரதை. துப்பாக்கி ஸ்கோப் அமெரிக்க ஏற்றுமதிக் கட்டுப்பாட்டில் வருகிற சாமான், சூட்கேஸில் துணியோடு சுருட்டி எடுத்துப் போகிற வேலை வைத்துக்கொள்ளாதே. அவருக்கு ஒரு நல்ல பைனாகுலர் வாங்கிக் கொடு, மேகமலையில் காட்டெருமை பார்க்கட்டும்.