ஆபரேஷனுக்கு முன் சமூகத்தைக் கேட்ட டாக்டர்

கோவைக்காரி:
போன மாதம் அம்மாவுக்குப் பித்தப்பைக் கல் ஆபரேஷன். முந்தைய நாள் மாலை மயக்க மருந்து டாக்டர் வந்தார். சர்க்கரை உண்டா, பல் ஏதும் ஆடுகிறதா, வாயை நன்றாகத் திறங்கள், கழுத்தை நிமிர்த்துங்கள் என்று எல்லாம் பார்த்துவிட்டு, கோப்பை மூடப்போன நேரத்தில் "அம்மா, நீங்கள் என்ன சமூகம்?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. அம்மாவோ சாதாரணமாக, "ஆரிய வைசியர், வீட்டில் தெலுங்கு பேசுவோம்" என்றார். டாக்டர் கோப்பைத் திரும்பத் திறந்து, சிவப்புப் பேனாவால் "ஸ்கோலின் வேண்டாம்" என்று பெரிதாக எழுதினார்.

பிறகு, "சொந்தத்தில் யாருக்காவது ஆபரேஷன் முடிந்தும் மூச்சு திரும்ப நேரமாகியிருக்கிறதா?" என்று கேட்டார். அம்மா உடனே பெரியம்மாவின் கதையைச் சொன்னார். முப்பத்தைந்து வருடத்துக்கு முன் குடல்வால் ஆபரேஷன். காலையில் உள்ளே போனவர் மாலை வரை வெளியே வரவில்லை. மயக்க மருந்தை அளவுக்கு மேல் கொடுத்துவிட்டார்கள் என்று பெரியப்பா அங்கே பெரிய சண்டை போட்டார். பெரியம்மாவோ, "நான் தூங்கவில்லை, எல்லாம் கேட்டது" என்று அன்று முதல் சொல்லிக்கொண்டிருக்கிறார். மயக்கத்தில் கனவு கண்டிருப்பாய் என்று வீடே கேலி செய்யும். நானும் செய்திருக்கிறேன்.

அம்மாவுக்கு இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். சூடோகோலினெஸ்டரேஸ் என்ற அளவு 5 ஆயிரத்துக்கு மேல் இருக்க வேண்டுமாம்; அம்மாவுக்கு 200கூட இல்லை. வேறு மருந்து கொடுத்தார்கள், எல்லாம் நல்லபடியாக முடிந்தது. இதுபோல் வேறு யாருக்காவது நேர்ந்திருக்கிறதா?

பழைய மயக்கவியலர்:
நேர்ந்திருக்கிறது அம்மா, ஆனால் நான் கட்டிலின் தலைமாட்டில் நின்றவன். 1980களின் பிற்பகுதி. ஒரு சின்ன நர்சிங் ஹோம், இரவு நேரம், அவசர சிசேரியன். வென்டிலேட்டர் கிடையாது. தசையைத் தளர்த்த ஸ்கோலின் போட்டேன். அந்த மருந்து ஏறும்போது இமை, கன்னம், தோள் என்று தோலுக்கடியில் எறும்பு ஓடுவதுபோல் தசைகள் துடிக்கும். ஒரு நிமிடத்தில் எல்லாம் அடங்கி உடல் தளர்ந்துவிடும். மூச்சுக்குழலில் குழாயை இறக்க அதுதான் சமயம். 5 முதல் 10 நிமிடத்தில் மருந்தின் வேகம் போய் நோயாளியின் மூச்சு திரும்பிவிடும்.

குழந்தை பிறந்து அழுதது. தையல் போட்டு முடித்தார்கள். தாய்க்கு மூச்சு வரவில்லை. அரை மணி, ஒரு மணி. நான் மூச்சுக் கொடுக்கும் பையைக் கையால் அழுத்திக்கொண்டே இருந்தேன். வலக்கை மரத்தால் இடக்கை. மற்றத் தசைத்தளர்ச்சி மருந்துகளை முறிக்கக் கொடுக்கும் நியோஸ்டிக்மின் இங்கே உதவாது. மிச்சம் இருக்கும் நொதியையும் அது முடக்கிவிடும். நாலரை மணி நேரத்துக்குப் பிறகு, நான் அழுத்தாமலே பையில் ஒரு சின்ன இழுப்பு. உதரவிதானம் விழித்துக்கொண்டது. அந்த இழுப்பு இன்றும் என் உள்ளங்கையில் இருக்கிறது.

நொதி என்றேனே, அதன் பெயர் பியூட்டிரில்கோலினெஸ்டரேஸ். உங்கள் அம்மாவுக்குப் பார்த்த சூடோகோலினெஸ்டரேஸும் இதுவேதான். கல்லீரல் செய்து இரத்தத்தில் விடும் புரதம். 574 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலிகள் நான்கு சேர்ந்து நிற்கும். அதை எப்படிச் செய்ய வேண்டும் என்ற குறிப்பு 3ஆம் குரோமோசோமில் பி.சி.எச்.இ. என்ற மரபணுவில் இருக்கிறது. ஊசியில் போகும் ஸ்கோலினில் பெரும்பகுதியை, அது தசையைப் போய்ச் சேருமுன்பே இந்தப் புரதம் வெட்டிப் போட்டுவிடும். தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான பிரதியே வந்திருந்தால் வெட்ட ஆள் இல்லை. போட்ட அளவு முழுவதும் தசைக்குப் போய்விடும். மூச்சுக்கு நாம் பொறுப்பேற்றுக்கொண்டு காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: தூக்க மருந்தின் வேகம் தீர்ந்திருக்கும், தசை மட்டும் கட்டுண்டிருக்கும். அந்த நேரமெல்லாம் நோயாளியைத் தூங்க வைத்திருக்க வேண்டும். உங்கள் பெரியம்மா சொன்னதை நான் கேலி செய்ய மாட்டேன்.

டெல்டா டாக்டர்:
எனக்கு இது எதிர்த்திசையிலிருந்து வந்தது. நான் அவசரப் பிரிவில் இருந்த காலம். உரம், பூச்சிமருந்துக் கடைக்காரரின் மகன், இருபது வயது, வாந்தி என்று தூக்கிக்கொண்டு வந்தார்கள். கடை என்னவென்று கேட்டதும் நாங்கள் கோலினெஸ்டரேஸ் பார்த்தோம். ஆர்கனோபாஸ்பரஸ் வகைப் பூச்சிமருந்து குடித்தவர்களுக்குக் குறைவது இதே நொதிதான். கிட்டத்தட்ட பூஜ்யம் வந்தது. போலீஸுக்குத் தகவல் போனது, முறிவு மருந்தான அட்ரோபினை ஏற்றினோம். பையன் "நான் குடிக்கவில்லை சார்" என்று அழுகிறான். அவன் அம்மா அவன் காலைப் பிடித்துக்கொண்டு, "ஏன்டா இப்படிச் செய்தாய்" என்று அழுகிறார்.

வந்தபோதே கண்மணி சுருங்கவில்லை, எச்சில் ஒழுகவில்லை, வியர்க்கவில்லை. அதை நான் முதலிலேயே கவனித்திருக்க வேண்டும். எண்ணைப் பார்த்தேன், ஆளைப் பார்க்கவில்லை. அட்ரோபினில் நாக்கு உலர்ந்து, நாடி எகிறி, அவன் பிதற்றத் தொடங்கிய பிறகுதான் சீனியர் வந்து நிறுத்தச் சொன்னார். சிவப்பணுவில் உள்ள கோலினெஸ்டரேஸைத் தனியாகப் பார்த்தோம். அது வேறு மரபணுவின் புரதம், 7ஆம் குரோமோசோமைச் சேர்ந்தது. அது சரியாக இருந்தது. பையன் வைசியர் வீட்டுப் பிள்ளை. வாந்திக்குக் காரணம் முந்தைய இரவு சாப்பிட்ட பரோட்டா.

கோத்திரம்102:
எங்கள் சாதிக்கு ஒரு நோய் ஒட்டிவிட்டதுபோல் பேச வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். இந்த நொதி துளிகூட இல்லாதவர்கள் எண்பது வயது வரை கல்லாவில் உட்கார்ந்து கணக்குப் பார்க்கிறார்கள். ஊசியில் அந்த மருந்து ஏறாதவரை எந்தக் குறையும் இல்லை.

காரணம் என்னவோ எங்களிடம்தான். 102 கோத்திரம், வாசவி அம்மன், எத்தனையோ தலைமுறையாக உள்ளுக்குள்ளேயே சம்பந்தம், மாமன் மகள், அத்தை மகன். ஆதியில் யாரோ ஒரு முப்பாட்டனிடம் நேர்ந்த எழுத்துப்பிழை எல்லா வீட்டுக்கும் சீதனமாகப் போய்விட்டது. பிழை என்னவென்று 2006இல் கண்டுபிடித்து எழுதினார்கள்: புரதத்தின் 307ஆவது இடத்தில் லூசின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் புரோலின். ஓர் எழுத்து. 2017இல் வந்த தென்னாசிய மரபணு ஆய்வு ஒன்று, வைசியர்களிடம் இந்தக் குறைபாடு மற்றவர்களைவிட 100 மடங்கு அதிகம் என்று எடுத்துக்காட்டியது. நாங்கள் 30 லட்சம் பேருக்கு மேல் இருக்கிறோம்.

என் தம்பிக்கு இது இருப்பது தெரிந்து, பெண் வீட்டார் நிச்சயதார்த்தத்தைத் தள்ளிப்போட்டார்கள். அவர்கள் வீட்டில் சோதித்தால் என்ன வருமோ, யார் கண்டது?

சேலத்து மருமகன்:
நான் வைசியன் இல்லை. எனக்கும் இருக்கிறது. என்னுடையது 307 அல்ல, 70ஆவது இடத்துப் பிழை. டைபுகெய்ன் எண் என்று ஒரு சோதனை உண்டு; டைபுகெய்ன் என்ற மருந்து இந்த நொதியை எத்தனை சதவீதம் முடக்குகிறது என்று பார்ப்பது. 1957இல் டொராண்டோவில் கேலோ என்பவர் கொண்டுவந்தது. சாதாரணமாக 80 வரும், எனக்கு 20. சாதியைக் கேட்டிருந்தால் என்னை விட்டிருப்பார்கள். என் தாத்தா கண் விழிக்காத கதையைக் கேட்டதால் பிடித்தார்கள்.

பழைய மயக்கவியலர்:
உண்மை. நான் முதலில் குடும்பக் கதையைத்தான் கேட்பேன். ஆனால் கோவை, ஈரோடு பக்கம் வேலை பார்த்துவிட்டு மற்றக் கேள்வியை விழுங்கவும் முடியவில்லை. கேட்பதற்கு முன் ஏன் கேட்கிறேன் என்று சொல்லிவிடுவேன். உங்கள் டாக்டரும் அதைச் செய்திருக்கலாம் கோவைக்காரி. அம்மாவின் உடன்பிறந்தவர்கள் எல்லோரையும் பார்க்கச் சொல்லுங்கள். ஒவ்வொருவருக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பாவது உண்டு.

கோவைக்காரி:
பார்த்தாயிற்று. நாலு பேரில் அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் மட்டும். மாமாக்கள் இருவருக்கும் இல்லை.

ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு நேற்று பெரியம்மா வீட்டுக்குப் போனேன். எழுபத்திரண்டு வயது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எண்ணைப் பார்த்தார், பிறகு மடித்து சாமி படத்துக்குக் கீழே வைத்தார். "என்ன கேட்டது பெரியம்மா அன்றைக்கு?" என்றேன். இத்தனை வருடத்தில் யாரும் அதைக் கேட்டதில்லை போலிருக்கிறது. சற்று நேரம் என்னையே பார்த்தார்.

"இமையைத் தூக்க முடியவில்லை. பக்கத்தில் ஒருத்தர் பையை அழுத்துகிற சத்தம், புஸ் புஸ்ஸென்று. நர்ஸ் டீ கொண்டுவரட்டுமா என்று கேட்டாள், வேண்டாம் என்றார். நடுநடுவே என் காதருகே குனிந்து, நான் இங்கேயே இருக்கிறேன் அம்மா, பயப்படாதீர்கள் என்பார். சாயங்காலம் வரை சொல்லிக்கொண்டிருந்தார். அவரைத்தான் உன் பெரியப்பா அடிக்கப் போனார்."