120 வோல்ட் ரைஸ் குக்கருக்கு 230 வோல்ட் ஹீட்டிங் பிளேட் தேவை

வணக்கம் உறவுகளே. ஹட்டனில் சின்னதாக வீட்டுச் சாமான் கடை நடத்துகிறேன். தைப்பொங்கலுக்கு முன் புறக்கோட்டை மொத்த வியாபாரி ஒருவரிடம் ஒரு லொட் எடுத்தேன். அமெரிக்காவில் வாங்கியவர்கள் கடைக்குத் திருப்பிக் கொடுத்த சாமான், பெட்டியெல்லாம் சீல் வைத்தபடி. திறந்தால் பாதிக்கு மேல் ரைஸ் குக்கர். 1.8 லீற்றர், 700 வொட், எல்லாமே 120 வோல்ட், தட்டைப் பின் பிளக். நம்முடைய கரண்ட் 230 வோல்ட். நேராகச் செருகினால் கிட்டத்தட்ட நாலு மடங்கு வலு இழுக்கும்; பியூஸ் போகும், போகாவிட்டால் தீப்பிடிக்கும்.

வியாபாரி திருப்பி எடுக்க மாட்டார், பில்லிலேயே அப்படி இருக்கிறது. 230 வோல்ட்டை 120 ஆகக் குறைக்கும் 1000 வொட் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்போமரில் போட்டுப் பார்த்தேன், சோறு அருமையாக வெந்தது. ஆனால் டிரான்ஸ்போமர் விலை குக்கரை விடக் கூட. பிளக்கை மட்டும் மாற்றி விற்கச் சொல்கிறார்கள் சிலர். அதைச் செய்யவே மாட்டேன். வாங்கப்போவது தேயிலைத் தோட்டத்து லயன் வீட்டுச் சனம், அங்கே வயரிங்கும் பழசு. கரண்ட் வேலை பாஸ் ஒருவர் 230 வோல்ட் ஹீட்டிங் பிளேட் மாற்றலாம் என்றார். அவரிடம் இருந்தது அளவுக்குப் பொருந்தவில்லை.

இந்த அளவு பிளேட்டை மொத்தமாக வாங்க கண்டியிலோ கொழும்பிலோ எங்கே போகலாம்?