13 வயசுப் பையன் அவுஷ்விட்ஸில் தப்பியிருப்பானா? நாடகத்துக்கு விவரம் வேணும்

மேடைக்காரன் (தக்கலை)

வணக்கம். பள்ளிப் பிள்ளைகள் போடுவதற்கு 50 நிமிட நாடகம். நாயகன் கற்பனைப் பாத்திரம்: முன்காச் ஊர் யூதப் பையன், வயது 13. 1944 மே மாதம் குடும்பத்தோடு, ஜெர்மன் நாஜிகள் போலந்தில் நடத்திய அவுஷ்விட்ஸ் கொலைமுகாமுக்குக் கொண்டுபோகிறார்கள், கையில் எண் குத்துகிறார்கள். தைரியத்தால் தாக்குப்பிடிக்கிறான். 1945 ஏப்ரலில் ஜெர்மனியிலுள்ள புக்கன்வால்ட் முகாமில் அமெரிக்கச் சிப்பாய் ஒரு சாக்லேட் கட்டியை நீட்ட, அதைத் தின்றுகொண்டே சிரிக்கிறான், திரை.

கேட்க வந்தது: இந்த வயதில் தப்ப முடியுமா? அவுஷ்விட்ஸில் இருந்தவன் புக்கன்வால்டுக்கு எப்படி வந்து சேர்ந்தான்? ஒரு நாள் சாப்பாடு என்ன? சட்டையில் நட்சத்திரம் என்ன நிறம்?

வேணாட்டு வாசகன்

காலமும் ஊரும் சரி. முன்காச் இப்போது உக்ரைனில் இருக்கிறது, அன்று ஹங்கேரியின் பிடியில். ஜெர்மானியர் ஹங்கேரிக்குள் புகுந்தது 1944 மார்ச் 19. அந்தப் பக்கத்து யூதர்களை ஏப்ரல் 16 முதல் கெட்டோக்களில், அதாவது யூதர்களுக்கென்று ஒதுக்கிய அடைப்புப் பகுதிகளில், அடைத்தார்கள். மே 15 தொடங்கி ஜூலை 9 வரை, எட்டு வாரம்கூட இல்லை, நாலு லட்சத்து முப்பதாயிரத்துக்கு மேற்பட்டவர்களை ரயிலேற்றினார்கள். அதில் பெரும்பாலோர் அவுஷ்விட்ஸுக்குத்தான் போனார்கள்.

இடிப்பது வயது. ரயில் மேடையில் எஸ்.எஸ். என்ற நாஜிப் படையின் மருத்துவர் ஆளைப் பார்த்துச் சில நொடிகளில் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று தீர்த்துவிடுவார். சிறுபிள்ளைகள், அவர்களைக் கையில் பிடித்திருக்கும் தாய்மார், முதியவர்கள் எல்லாம் நேராக விஷவாயு அறைக்கு. 13 வயசுப் பையனும் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான். இரட்டையர்களை மட்டும் முகாம் மருத்துவர் மெங்கெலே தன் சோதனைகளுக்காகத் தனியே எடுத்து வைத்தார், அது வேறு நாடகம். பையனுக்கு 14 முடிந்து 15 நடக்கட்டும், கொஞ்சம் உயரமாகவும் இருக்கட்டும். வண்டியிலிருந்து மூட்டை இறக்க வரும் கைதிகள், காவலர் காதில் விழாமல் "பதினெட்டுன்னு சொல்லு, வேலை தெரியும்னு சொல்லு" என்று முணுமுணுத்துப் போவார்கள். பையன் அதை நம்புவதா வேண்டாமா என்று தடுமாறுவதிலேயே உங்கள் முதல் காட்சி இருக்கிறது. தைரியத்துக்கு அங்கே வேலையே இல்லை.

எண் குத்தியது அவுஷ்விட்ஸ் தொகுதி முகாம்களில் மட்டும்தான். டாஹாவ் முகாமிலோ புக்கன்வால்டிலோ காட்டினால் தவறு. அவுஷ்விட்ஸிலும், வேறு முகாமுக்கு அனுப்புவதற்காக நிறுத்திவைத்த ஹங்கேரி யூதர் பலருக்குக் குத்தவில்லை. உங்கள் பையனை மோனோவிட்ஸ் துணைமுகாமுக்கு, ஐ.ஜி. ஃபார்பன் என்ற ரசாயன நிறுவனத்தின் ஆலை வேலைக்கு அனுப்பினால் எண் உண்டு. இடது முன்கையில் குத்துவார்கள். 1944 மே முதல் யூதர்களுக்கு ஏ என்ற ரோமன் எழுத்தில் தொடங்கும் புது வரிசை வந்தது. மேடையில் அந்த எழுத்து மட்டும் தெரியும்படி சட்டைக் கையை விட்டால் நல்லது. எந்த எண்ணை எழுதினாலும் அது ஒரு நிஜ மனிதருடையதாகப் போகும்.

மோனோவிட்ஸ் போட்டால் புக்கன்வால்ட் வழியும் தானே கிடைத்துவிடும். சோவியத் படை நெருங்க, 1945 ஜனவரி 17 முதல் 21 வரை ஏறத்தாழ 56,000 கைதிகளை நடத்திக் கூட்டிப்போனார்கள். ஒரு பகுதியினர் கிளைவிட்ஸ் நகர் வரை 55 கிலோமீட்டர். உங்கள் தக்கலையில் புறப்பட்டுத் திருவனந்தபுரம் போகிற தூரம் என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள், பனிக்காலத்தில், பலர் மரக்கட்டைச் செருப்பில். பின்தங்கியவர்களைச் சுட்டார்கள். அங்கிருந்து கூரையில்லாத சரக்குப் பெட்டிகளில் புக்கன்வால்டுக்கும் வேறு முகாம்களுக்கும். 27-ஆம் தேதி சோவியத் படை வந்தபோது அவுஷ்விட்ஸில் மிஞ்சியிருந்தவர்கள் சுமார் 7,000.

கஞ்சித்தொட்டி

சாப்பாட்டைச் சொல்கிறேன். காலையில் காப்பி என்ற பெயரில் அரை லிட்டர் கறுப்புத் தண்ணீர். மதியம் ஒரு லிட்டருக்குள் சூப், அதில் டர்னிப் வகைக் கிழங்கு. (நம்மூர்ப் பிள்ளைகளிடம் கிழங்கு என்றால் மரச்சீனியை நினைத்துக்கொள்ளும், விளக்கிவிடுங்கள்.) ராத்திரி 300 கிராம் கறுப்பு ரொட்டி, கூடவே 25 கிராம் மார்ஜரினோ சாசேஜோ, அல்லது ஒரு கரண்டி ஜாம். கடையில் வாங்கும் 400 கிராம் ரொட்டியில் முக்கால் பங்கு வெட்டினால் அளவு சரி. மறுநாள் காலைக்கும் அதில்தான் மிச்சம் வைக்கணும், வைத்தால் திருட்டுப் போகும். கனமான வேலைக்குக் கிடைத்தது சுமார் 1,700 கலோரி என்று போருக்குப் பிறகு கணக்கிட்டார்கள்.

கிண்ணம் இல்லாதவனுக்குச் சூப் இல்லை, அதனால் இடுப்புக் கயிற்றில் கட்டியே திரிவார்கள். வரிசையில் எங்கே நிற்கிறான் என்பதும் முக்கியம்: அண்டாவின் மேலே வெறும் தண்ணீர், கிழங்கெல்லாம் அடியில். முன்னால் முண்டியடிக்கிறவன் புது ஆள் என்று பார்த்ததும் தெரிந்துவிடும்.

செருப்பையும் விட்டுவிடாதீர்கள். அளவு பொருந்தாத கட்டை, தோல் உரிந்து புண், புண் பழுத்துக் கால் வீக்கம், நடக்க முடியாமல் முகாம் ஆஸ்பத்திரி. அங்கேயும் விஷவாயு அறைக்கு ஆள் பொறுக்கியெடுப்பு நடக்கும்.

பனங்காடு

நட்சத்திரம்: ஹங்கேரியில் 1944 ஏப்ரல் 5 முதல் ஆறு வயதுக்கு மேற்பட்ட எல்லா யூதர்களுக்கும் மஞ்சள், இடது மார்பில். வெள்ளைப் பட்டையில் நீல நட்சத்திரம் கையில் கட்டியது ஜெர்மன் பிடியிலிருந்த போலந்தின் பகுதிகளில். இரண்டையும் கலக்க வேண்டாம். ஸ்வஸ்திகாவை நம் கோயில் வாசல் கோலம் மாதிரி நேராக வரையாமல் 45 டிகிரி சாய்த்து, வெள்ளை வட்டத்துக்குள் கறுப்பாக.

மேடைக்காரன் (தக்கலை)

கொள்ளாம், வயசை மாத்திட்டேன். அப்போ கடைசிக் காட்சியாவது நிக்குமா?

வேணாட்டு வாசகன்

புக்கன்வால்ட் விடுதலை 1945 ஏப்ரல் 11, அமெரிக்கர்கள், அதுவரை சரி. மிஞ்சிய 21,000 பேரில் சிறுவரும் இளைஞருமாகச் சுமார் 900 பேர். பலர் 66-ஆம் பிளாக்கில் (கைதிகள் தங்கும் கொட்டகை) இருந்தவர்கள். அதன் பொறுப்பாளர் செக் நாட்டு அரசியல் கைதி அன்டோனின் கலினா. பிள்ளைகளை வெளிவேலைக்கு விடாமல் வைத்திருந்தார், கடைசி நாட்களில் யூதர்களைப் பிரித்து வெளியே நடத்த உத்தரவு வந்தபோது இவர்களை ஒப்படைக்கவும் இல்லை. உங்கள் பையன் பிழைத்தது யாரால் என்று கேட்டால் பதில் அங்கே இருக்கிறது. அவர் இல்லாமல் இந்தக் காட்சியை எழுதாதீர்கள்.

கஞ்சித்தொட்டி

சாக்லேட்டை எடுத்துவிடுங்கள் சாரே. மாதக்கணக்கில் பட்டினி கிடந்த உடம்பில் கொழுப்பும் இனிப்பும் திடீரென்று போனால் குடலும் தாங்காது, ரத்தத்தில் உப்புச்சத்துகளின் அளவு சரிந்து இதயமும் தடுமாறும். விடுதலைக்குப் பிறகு இப்படிச் செத்தவர்கள் ஏராளம். பெர்கன்-பெல்சன் முகாமை ஏப்ரல் 15 அன்று பிரிட்டிஷார் மீட்டார்கள். அதற்குப் பிறகும் 13,000-க்கு மேல் இறந்தார்கள், டைபஸ் காய்ச்சலும் சேர்ந்துகொண்டது. அங்கே 1943 வங்கப் பஞ்சத்தில் பயன்பட்ட சர்க்கரைக் கஞ்சியைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஐரோப்பிய நாக்குக்கு அந்த இனிப்பு ஏறவில்லை, பாப்ரிகா மிளகாய்ப்பொடி சேர்த்த பிறகு கொஞ்சம் இறங்கியது.

சிப்பாய் நீட்டுகிறார், முகாமில் பழகிய மூத்த கைதி ஒருவர் தட்டிவிடுகிறார் என்று வைத்தால் சாக்லேட்டும் மேடையில் இருக்கும், உண்மையும் கெடாது.

வேணாட்டு வாசகன்

திரை விழ இன்னும் இரண்டு நிமிடம் இருந்தால்: பிழைத்த இளைஞர்களில் 16 வயதுக்குட்பட்ட 1,000 பேரை ஏற்க பிரிட்டன் சம்மதித்தது. முதல் 300 பேர் 1945 ஆகஸ்டில் பிராகிலிருந்து விமானத்தில் போனார்கள், மொத்தம் போய்ச் சேர்ந்தவர்கள் 732 பேர். 16 தாண்டியவர்கள் பலர் வயதைக் குறைத்துச் சொன்னார்கள். ஆகவே பழைய காகிதங்களில் ஒரே ஆளுக்கு இரண்டு மூன்று பிறந்த வருடம் கண்டால் குழம்பவேண்டாம். மேசையில் ஓர் அதிகாரி, கையில் பேனா, "வயது?" உங்கள் பையன் இந்த முறை எந்தப் பக்கம் பொய் சொல்லணும் என்று யோசிக்கட்டும்.