துலரீமியா: அமாக்சிசிலின் ஏன் வேலை செய்வதில்லை?

கேள்வி (வார்டு_டூட்டி): அமெரிக்காவின் ஆர்கன்சாஸ், மிசௌரி பக்கம் உண்ணி கடித்து, கடிவாயில் புண், அக்குளில் நெறிகட்டு, காய்ச்சல் என்று வருபவர்களுக்கு முதலில் அமாக்சிசிலின்-கிளாவுலனேட் கொடுத்தால் காய்ச்சல் இறங்குவதே இல்லையே, ஏன்? அடுத்து எதைக் கொடுப்பது?

நுண்ணோக்கி: இது துலரீமியாவாக இருக்கலாம். அதை உண்டாக்கும் பாக்டீரியா பிரான்சிசெல்லா துலரென்சிஸ், பென்சிலின் வகை மருந்துகளைச் சிதைக்கும் பீட்டா-லாக்டமேஸ் என்ற நொதியைச் சுரக்கும், போதாததற்கு செல்லுக்குள் ஒளிந்து வாழும். பென்சிலின் (அமாக்சிசிலினும் இந்த வகைதான்), செபலோஸ்போரின் எதையும் நம்பாதீர்கள், செப்ட்ரியாக்சோனையும் சேர்த்துத்தான். நோய் கடுமையாக இருந்தால் ஜென்டாமைசின், கிலோவுக்கு 5 மி.கி. வீதம் தினமும், குறைந்தது 10 நாள். 60 கிலோ ஆளுக்கு 300 மி.கி. சிறுநீரகம் சரியில்லை என்றால் இந்தக் கணக்கு செல்லாது. சிறுநீரகம் எப்படி இயங்குகிறது என்று காட்டும் கிரியேட்டினினையும் ரத்தத்தில் மருந்தின் அளவையும் பார்த்தே மாற்ற வேண்டும்.

மாத்திரைப்பெட்டி: லேசான நோய்க்கு மாத்திரையே போதும். சிப்ரோஃப்ளாக்சசின் 500 மி.கி. இருவேளை, 10 முதல் 14 நாள். அல்லது டாக்சிசைக்ளின் 100 மி.கி. இருவேளை, 14 முதல் 21 நாள். டாக்சி கிருமியின் வளர்ச்சியைத் தடுக்குமே தவிரக் கொல்லாது. காய்ச்சல் விட்டதும் பாதியில் நிறுத்தினால் நோய் திரும்பும்.

வார்டு_டூட்டி: மருந்து முடிந்தும் நெறிகட்டு வற்றாவிட்டால்?

நுண்ணோக்கி: உடனே மருந்தை மாற்றாதீர்கள். சீழ் கோத்திருக்கும்; ஊசியால் உறிஞ்சவோ கீறி வடிக்கவோ வேண்டும். சிகிச்சை தாமதமானவர்களிடம் இது அதிகம்.

இன்னொன்று, மாதிரியை அனுப்பும்போதே துலரீமியா சந்தேகம் என்று ஆய்வகத்துக்குச் சொல்லிவிடுங்கள். ஆளிடமிருந்து ஆளுக்குத் தொற்றாது. ஆனால் ஆய்வகத்தில் கிருமி வளர்ப்புத் தட்டைத் திறப்பவருக்கு மூச்சு வழியே தொற்றும்.