தரைக்கு அடியில் சூடேற்றம்: வெந்நீர்க் குழாயா, மின்கம்பிப் பாயா?

மாடிப்படி:
வீட்டைப் புதுப்பிக்கிறோம். கீழே கூடம், சமையலறை இரண்டிலும் பழைய தரையைப் பெயர்த்துவிட்டுப் புதிதாகக் கான்கிரீட் போடப்போகிறார்கள். மாடிக் குளியலறையில் டைல் மட்டும்தான் மாற்றுகிறோம். ஒரு ஒப்பந்தக்காரர் வீடு முழுக்க மின்கம்பிப் பாய் விரித்தால் வேலை சீக்கிரம் முடியும் என்கிறார். இன்னொருவர் வெந்நீர்க் குழாய்தான் சரி என்கிறார். தரைக்கடியில் சூடான காற்றை விடும் முறையும் இருக்கிறதாமே? எனக்கு மின்கட்டணத்தை நினைத்தால்தான் பயம்.

குழாய்க்காரன்:
குழாய் பதிப்பது என் தொழில். அதை மனதில் வைத்துக்கொண்டே படியுங்கள்.

காற்றை மறந்துவிடுங்கள். அது சுமந்து வரும் சூடு மிகக் குறைவு, வீட்டுக்குக் கட்டாது.

கீழ்த்தளத்துக்கு வெந்நீர். தரையை எப்படியும் பெயர்க்கிறீர்கள், அப்புறம் இதற்காக மறுபடியும் யார் உடைப்பது? 35 முதல் 45 டிகிரி வரை சூடான நீரே போதும் என்பதால் ஹீட் பம்ப்போடு (வெளியே இருக்கும் சூட்டை இழுத்து நீருக்கு ஏற்றும் மின்கருவி) நன்றாகச் சேரும். 1 யூனிட் மின்சாரத்துக்கு அது சுமார் 3 யூனிட் சூடு தரும். மின்கம்பியில் 1-க்கு 1தான். பெரிய கூடத்தை நாள் முழுக்க அதில் சூடாக்கினால் உங்கள் பயம் பலித்துவிடும்.

குளியலறைக்கு மட்டும் மின்பாய். சில மில்லிமீட்டர் தடிமன்தான், டைல் பசைக்குள்ளேயே அடங்கிவிடும். சதுர மீட்டருக்கு 150 வாட் என்று வைத்தால், 3 சதுர மீட்டருக்கு 450 வாட். காலையும் மாலையுமாக 2 மணி நேரம் ஓடினாலும் ஒரு யூனிட்டைத் தொடாது. இதில் என் தொழிலுக்கு வேலையே இல்லை, இருந்தாலும் சொல்கிறேன்.

மரத்தரை:
வெந்நீர்த் தரையோடு வாழ்பவள் என்ற முறையில் ஒரு எச்சரிக்கை: கான்கிரீட் சூடாக மணிக்கணக்காகும். வெளியே போகும்போது அணைத்துவிட்டு வந்ததும் போடுகிற வழக்கம் இங்கே எடுபடாது. நாங்கள் இரவில் 2 டிகிரி குறைப்பதோடு சரி. மரம் பதிப்பதாக இருந்தால் மேற்பரப்பு 27 டிகிரியைத் தாண்டாமல் தரைக்குள் சென்சார் வையுங்கள். தடிமனான கம்பளமும் வேண்டாம், சூட்டை அமுக்கிவிடும்.

மாடிப்படி:
நன்றி. கான்கிரீட்டுக்கு அடியில் நுரைப்பலகை போட்டால் தரை உயர்ந்து கதவு இடிக்கும், வேண்டாம் என்கிறார் கொத்தனார். விட்டுவிடலாமா?

குழாய்க்காரன்:
விடவே கூடாது. பலகை இல்லாவிட்டால் காசு கொடுத்து மண்ணைச் சூடாக்குவீர்கள். இன்னும் கொஞ்சம் ஆழமாகத் தோண்டச் சொல்லுங்கள். குழாயில் அழுத்தம் ஏற்றிச் சோதித்து, அந்த அழுத்தத்தோடேயே கான்கிரீட் ஊற்ற வேண்டும். எங்காவது மிதிபட்டு உடைந்தால் மானியின் முள் அப்போதே இறங்கிக் காட்டிக்கொடுக்கும். சிமென்ட் பூச்சு என்றால் 21 நாளுக்கு முன் சூடேற்றாதீர்கள்.

ஊற்றுவதற்கு முன் அளவுநாடாவை வைத்து எல்லா மூலையையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் யாராவது கதவுத் தடுப்பு மாட்ட டிரில்லோடு வருவார்கள்.