அப்டேட்: ஷேவிங் பிரஷ்ல பன்றி முடியா, பேட்ஜரா, சிந்தெடிக்கா?

மக்களே, பன்றி முடி, பேட்ஜர்ங்கற விலங்கோட முடி, சிந்தெடிக்ங்கற செயற்கை இழை, இந்த மூணு பிரஷ்ல எது காசுக்கு வொர்த்னு முன்னாடி கேட்டிருந்தேன்ல, மூணையும் மாத்தி மாத்தி யூஸ் பண்ணியாச்சு.

பன்றி முடில ஒமேகா 10049 வாங்குனேன். ஆரம்பத்துல தென்னந்துடைப்பம் மாதிரி குத்துச்சு, ஈரமானா ஒரு வாடை வேற, ஆனா போகப் போக முடியோட நுனி ரெண்டா பிளந்து கன்னத்துல மெத்துனு படுது, அடிப்பக்கம் அதே விறைப்பு இருக்கறதால கட்டி சோப்பை நல்லா வழிச்சு எடுக்குது. முன்னாடியே சில நிமிஷம் தண்ணில ஊற வச்சிடுங்க, இல்லனா நுரைல இருக்க தண்ணிய அதுவே இழுத்துக்கும்.

பேட்ஜர் சுகம்தான், தண்ணிய அருமையா பிடிச்சு வைக்குது. ஆனா பியூர், பெஸ்ட், சில்வர்டிப்னு தரம் போடறதுக்கெல்லாம் பொதுவான அளவுகோலே இல்ல, கம்பெனிக்கு கம்பெனி மாறும், அந்த பேருக்காக காசு கொட்டாதீங்க.

என் ஓட்டு சிந்தெடிக்குக்குதான். ஊற வைக்க வேணாம், கொஞ்சம் சோப்புலயே நுரை பொங்குது, பெங்களூர் மழைல ஜன்னல் இல்லாத பிஜி பாத்ரூம்லயும் சட்டுனு காஞ்சிடுது.

ஒயிட்ஃபீல்ட் போர் தண்ணில நுரையே நிக்கலனு கேட்ட தம்பிக்கு: அது பிரஷ் கோளாறு இல்லப்பா, தண்ணில இருக்க கால்சியமும் மெக்னீசியமும் சோப்போட சேர்ந்து திரிஞ்சு போகுது. ஆர்ஓ தண்ணி அரை டம்ளர் எடுத்து அதுல நுரை அடிச்சுப் பாரு, ஷேவ் முடிச்சு பிரஷ்ஷோட கடைசி அலசலும் ஆர்ஓ தண்ணிலயே பண்ணு, பிரஷ் முடி அடில வெள்ளையா படியாது.